வடிகட்டிய நீரும் வாடிய பிள்ளையும்

வடஆர்க்காட்டுச் சமணக் குடும்பத்தில் பிறந்த நாம், பணியின் பொருட்டுக் குற்றாலச் சாரல் எட்டும் அச்சன்புதூரில் பல்லாண்டுகள் வாழ்ந்தோம். சமயச் சுற்றம் அருகில் இல்லாவிடினும் அன்னையார் கற்பித்த இரு வழக்கங்களை நாம் கைவிடவில்லை. ஒன்று, பொழுது சாயுமுன் உண்பது. மற்றொன்று, நீரை மடித்த துணியில் வடிகட்டிய பின்னரே பருகுவதும், துணியில் தங்கியதைக் கிணற்றிலேயே திரும்ப விடுவதும். கண்ணுக்குப் புலனாகாத உயிர்க்கும் ஊறு நேரலாகாது என்பதே இதன் நோக்கம் என்பதை வாசகர் அறிவர்.

1978 ஆம் ஆண்டளவில் நம் நான்காம் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். வயிறு உப்பி, கைகால்கள் மெலிந்திருக்கும். வயிற்றுப்போக்கினால் வாரம் இருநாள் பள்ளிக்கு வாரான். வந்த நாளிலும் மூன்றாம் வாய்பாடு அவன் நினைவில் தங்காது. ஒருநாள் பொறுமையிழந்து, வகுப்பினர் முன்னிலையில் அவனை "மண்டு" என்றோம். அன்றுமுதல் அதுவே அவன் பெயராயிற்று. மறு ஆண்டு அவன் படிப்பு நின்றுவிட்டது.

ஆசிரியப் பயிற்சியில் குழந்தை உளவியல் கற்றிருந்தோம். ஆயினும் பிள்ளையின் மூளையை அறிய அவன் வயிற்றையும் நோக்கவேண்டும் என்று நமக்கு எவரும் சொன்னதில்லை. இன்று அறிவியல் அதனைச் சொல்கிறது.

மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி நுண்ணுயிர்கள் வாழ்வதாக 2016 இல் கணக்கிட்டனர். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் உள்ளன. நாம் உண்ணும் நார்ச்சத்தைச் சிதைத்து, உடலுக்கு உதவும் சில அமிலங்களை அவை ஆக்கித் தருகின்றன. நரம்பின் வழியாகவும் குருதியின் வழியாகவும் குடலின் செய்தி மூளையை எட்டுகிறது. பிறந்த முதல் மூன்றாண்டுகளில் மூளை விரைந்து வளர்கிறது. இந்நுண்ணுயிர்க் குடியிருப்பு நிலைபெறுவதும் அதே காலத்தில்தான்.

ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக அறிஞர்கள் 2004 இல் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். நுண்ணுயிரே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள் சிறு இன்னலுக்கும் மிகையாகக் கலங்கின. இளமையில் நுண்ணுயிர்களைச் சேர்த்தபோது அக்குறை ஓரளவு நீங்கிற்று. பருவம் கடந்தபின் சேர்த்தபோது நீங்கவில்லை. எலியிடம் கண்டதை மனிதர்க்கு அப்படியே ஏற்றிச் சொல்லலாகாது. உயிர்களைச் சிறைப்படுத்திப் பெற்ற அறிவு இது என்பதும் நம் உள்ளத்தை உறுத்துவதே.

நம் தமிழகத்திலேயே, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 2010 முதல் 2012 வரை பிறந்த ஏழைக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தனர். எட்டு நாடுகளில் நடந்த ஓர் ஆய்வின் பகுதி அது. நோய், உணவு, குடலைத் தாக்கும் கிருமிகள், வீட்டுச் சூழல் ஆகியவை ஒன்றோடொன்று பிணைந்து குழந்தையின் அறிவு வளர்ச்சியைப் பாதிக்கின்றன என்பது அவ்வெட்டு நாட்டு ஆய்வின் முடிவு. கிருமி ஒன்றே காரணம் என்று எவரும் கூறவில்லை. ஆனால் குழந்தையின் சோம்பலே காரணம் என்றும் கூறவில்லை.

இங்கே நம் சமயத்தார் ஒரு வினா எழுப்பலாம். அறிவை மறைப்பது அவனவன் ஈட்டிய ஞானாவரணீய வினையன்றோ? நீரையும் ஆசிரியரையும் நோவானேன்? இவ்வினாவை நாமும் பலகாலம் நமக்கு ஆறுதலாகப் பயன்படுத்திக் கொண்டோம். ஆனால் அதே சாத்திரம் மற்றொன்றையும் சொல்கிறது. கற்பவனுக்கு இடையூறு செய்வதும் அறிவை அவமதிப்பதும், செய்தவர்க்கே அவ்வினையைக் கட்டும் என்பது உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரம் உணர்த்தும் கருத்து. சிறுவனின் பழவினையை நாம் அறியோம். நம் நாவினால் அன்று கட்டிய புதுவினையை மட்டும் நன்கு அறிவோம்.

அறியாமல் செய்தது குற்றமாகுமா எனவும் கேட்கலாம். குடல் நுண்ணுயிரின் இயல்பை அன்று அறியாதது குற்றமன்று. ஆனால் உப்பிய வயிற்றைக் கண்டும் காரணம் கேளாமை, அறியாமை ஆகாது. அதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் பிரமாதம். அசட்டை என்று பொருள். அசட்டையோடு கூடிய செயலால் உயிர்க்கு ஊறு நேர்வதே ஹிம்சை என்று அந்நூல் வரையறுக்கிறது.

இன்னொரு செய்தி நம்மை மேலும் கலங்கச் செய்தது. வங்கதேசத்துக் கிராமங்களில், பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிகட்டியபோது வாந்திபேதி நோய் 48 விழுக்காடு குறைந்ததாக 2003 இல் அறிவித்தனர். அந்நோய்க் கிருமிகள் நீரில் வாழும் சிற்றுயிர்களின்மேல் ஒட்டியிருப்பதால் துணி அவற்றைத் தடுத்துவிடுகிறதாம். எல்லாக் கிருமிக்கும் துணி போதாது, காய்ச்சுவதே நன்று. ஆயினும் அத்தகைய துணி நாள்தோறும் நம் வீட்டுக் குடத்தின் வாயில் இருந்தது. வாய்க்கால் நீரைக் குடித்து வளர்ந்த அப்பிள்ளையின் தாய்க்கு அதனை ஒருநாளும் நாம் காட்டியதில்லை. சமயத்தைப் பரப்புவதாக எண்ணுவார்களோ என்று கூசினோம். நீரிலுள்ள உயிரைக் காத்த நாம், அந்நீரைக் குடித்த உயிரைக் காணத் தவறினோம்.

நம் இல்லங்களில் பேரன் பேத்தியர் வளர்கின்றனர். சாதாரணச் சளிக்கும் மருத்துவரைக் கேளாமல் கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கித் தருவது இன்று பெருகிவிட்டது. உயிர்காக்க வேண்டியபோது அம்மருந்தை உண்பது இல்லறத்தார்க்குத் தகாததன்று என்பதே நம் துணிபு. தேவையின்றித் தருவதோ குடலில் வாழும் எண்ணற்ற ஓரறிவுயிர்க்கும், அவற்றின் துணையால் வளரும் பிள்ளைக்கும் ஒருங்கே இழைக்கும் தீங்கு. படிப்பில் பின்தங்கும் பிள்ளையைக் கண்டால், மதிப்பெண்ணைக் கேட்குமுன் பசியையும் வயிற்றையும் குடிநீரையும் கேளுங்கள். வீட்டு வேலைக்கு வருபவரின் பிள்ளையையும் அவ்வாறே கேளுங்கள்.

அச்சிறுவன் இன்று எங்குளான் என அறியோம். ஐம்பது வயதைக் கடந்திருப்பான். நாள்தோறும் நீரை வடிகட்டும்போது அவன் முகம் நினைவில் எழுகிறது. அவனிடம் கேட்கவேண்டிய மன்னிப்பை, இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையிடம் காட்டும் பொறுமையாகப் பெற விழைகின்றோம்.