களைத்தவர்களை நம்புங்கள்



கச்சான் காற்று அனலாய் அடிக்கிற நாட்களில் வாவிக்கரை மரநிழலில் ஒதுங்கி, வெயில் தாழ்ந்தபின் மறுபடி வேலைக்குப் போகிறோம். நமக்கு அது கொஞ்ச நேரத்து வெக்கை. சிலருக்கோ அந்தச் சூட்டில் கண் மங்கும், கால் தள்ளாடும். உடல் குளிர்ந்ததும் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். பார்ப்பவர்கள் நடிப்பு என்கிறார்கள்.

மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நோய் அப்படிச் செய்யும். மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் கண் நரம்பிலும் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை உண்டு. நம்மைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தியே அந்த உறையைத் தாக்குகிறது. உப்புக்காற்றில் மேலுறை வெடித்த மின்கம்பி போல, மூளையின் கட்டளை பாதிவழியில் தடுமாறுகிறது. உறை சிதைந்து தழும்பு விழுந்த இடத்தைப் பொறுத்துப் பார்வை கெடும், நடை கெடும், சிறுநீரை அடக்க முடியாமலும் போகும். எல்லாவற்றுக்கும் மேலே, தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு.

பாரிசில் ஷார்க்கோ என்ற மருத்துவர் 1868இல் இதைத் தனி நோயாக விளக்கினார். நம் பக்கத்தில் இது அரிது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது, அதுவும் பெண்களுக்கே கூடுதலாக. பிள்ளையைத் தூக்கவும் உலை வைக்கவும் வேலைக்கு ஓடவும் வேண்டிய வயது. தொற்றாது. பலருக்கு வந்து தணிந்து திரும்பவும் வரும். அதனால்தான் பேச்சு கிளம்புகிறது: “நேற்று நல்லாத்தானே நடந்தவள்!”

பிரியமானவர்களே, அப்படி நாமும் யாரையாவது சோம்பேறி என்றோமா? செய்வினை, முன்னோர் பாவம் என்று முணுமுணுத்தோமா? பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, யார் பாவம் செய்தது என்று கேட்ட சீடர்களை ஆண்டவர் திருத்தினாரே.

களைத்துப்போன இறைவாக்கினர் எலியாவை நினையுங்கள். சூரைச்செடியின் கீழ், சாவு வந்தால் போதும் என்று படுத்துவிட்டார். வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்தார்! அதற்கும் கோபமில்லை. அந்த இரண்டாவது உறக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். இறைவனின் இரக்கம் அவ்வளவு பொறுமையானது.

ஹாலந்தின் ஸ்கீடாம் ஊரில் பிறந்த புனித லிட்வினா, 15 வயதில் பனியில் சறுக்கும்போது விழுந்தார். பிறகு மெல்ல நடை இழந்து, 1433இல் இறக்கும்வரை படுக்கையோடு வாழ்ந்தார். அவருக்கு இதே நோய் இருந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் சிலர் கருதுகிறார்கள். படுக்கையில் கிடந்தவரைத்தான் திருச்சபை பீடத்தில் ஏற்றியது. நோயுற்றவர்களே, உங்கள் கட்டிலருகிலும் ஆண்டவர் இருக்கிறார்.

ஒரு கண் திடீரென மங்கினால், கைகால் விறைப்பு நாட்கணக்கில் நீடித்தால், நேர்த்தி வைத்ததோடு நின்றுவிடாதீர்கள். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. கோயிலில் மின்விசிறியடி இடத்தை இயலாதவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். ஆயித்தியமலை மாதா திருத்தலத்துக்கு நடந்துவர முடியாதவர் வாகனத்தில் வந்தால் அன்னை கணக்குப் பார்ப்பதில்லை. கோயிலுக்கு வரவே முடியாதவர்கள் வெட்கப்படாமல் சொல்லியனுப்புங்கள். நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுவருகிறேன்.