கதவுக்கு வெளியே நின்ற தாய்

ஒரு நிறுவனத்துக்கு ஆணவம் உண்டா? மும்பை மாட்டுங்காவில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடிப் படிக்கும் சைவ சித்தாந்த வகுப்பில் ஒருவர் இப்படிக் கேட்டார். பாடம் நடத்தும் பெரியவர் யோசிக்காமல் "இல்லை" என்றார். ஆணவம் உயிரைப் பற்றிய மலம். செம்பில் களிம்பு போல உயிர் என்றைக்கு உண்டோ அன்றைக்கே அதுவும் உண்டு. மேசைக்கும் கோப்புக்கும் ஆணவம் கிடையாது, அவை சடம். கம்பெனியும் ஆஸ்பத்திரியும் உயிர்கள் அல்ல, ஆகவே அவற்றுக்கு மலமும் இல்லை.

சாத்திரப்படி அவர் சொன்னது சரி. எனக்கு அது போதவில்லை. செம்பூரில் ஒரு தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் என் வேலைக்காலம் கழிந்தது. புதுமையை வளர்க்க வேண்டும், ஊழியர்களின் யோசனைகளை வரவேற்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வரும். வகுப்பெடுப்பது என் பொறுப்பு. மேலாளர்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள், ஓய்வு பெற்றார்கள். "இங்கே இப்படித்தான்" என்ற பேச்சு மட்டும் எங்கும் போகவில்லை. அதை முதலில் சொன்னவர் யார் என்று யாருக்கும் தெரியாது. உயிர் இல்லாத இடத்தில் ஆணவம் இல்லை என்றால், ஆட்கள் எல்லோரும் மாறிய பிறகும் அங்கே மிஞ்சி நிற்பது என்ன?

திருவருட்பயனில் உமாபதி சிவம் ஆணவத்தை இருளோடு ஒப்பிட்டு, உடனே அதைவிடக் கொடியது என்கிறார். இருள் பொருள்களை மறைக்கும், ஆனால் இருட்டாக இருக்கிறது என்பதாவது நமக்குத் தெரியும். ஆணவம் தன்னையும் சேர்த்தே மறைத்துக்கொள்ளும். இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது சயான் ஆஸ்பத்திரிதான்.

லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை என்பது அதன் முழுப் பெயர். 1964இல் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்தது. எங்கள் ஊரில் யாரும் அத்தனை நீளமாகச் சொல்வதில்லை. தாராவிக்காரர்களுக்கு அது வாசலில் இருக்கும் ஆஸ்பத்திரி. பிரசவம், விபத்து, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அங்கேதான் ஓட்டம். 1970களில் பச்சிளங்குழந்தை வார்டில் டாக்டர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் பணியாற்றிய காலத்தில், எடை குறைந்து பிறந்த குழந்தைகள் கிருமித்தொற்றால் இறந்துகொண்டிருந்தன. இருந்த நர்ஸ்கள் மிகச் சிலர், தொட்டில்களோ நிறைய. பால் பவுடரைக் கரைத்துப் பாட்டிலில் ஊட்டினார்கள். அத்தனை பாட்டில்களையும் சுத்தமாக வைத்திருப்பது யாராலும் ஆகிற காரியம் இல்லை. அந்தக் காலத்து வழக்கப்படி பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் தாயை உள்ளே விடமாட்டார்கள். அவள் கிருமியைக் கொண்டுவந்துவிடுவாள் என்று பயம். கிருமி பாட்டிலில் இருந்தது. தாய் கதவுக்கு வெளியே, மார்பில் பால் கட்டி வலியோடு உட்கார்ந்திருந்தாள்.

யாரும் கெட்ட எண்ணத்தோடு அப்படிச் செய்யவில்லை. குழந்தையைக் காப்பதற்கென்று வைத்த விதி அது, அதனாலேயே அது கண்ணில் படவில்லை. உமாபதி சிவம் சொன்ன மறைப்பு இதுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஃபெர்னாண்டஸும் அவருடைய குழுவினரும் பவுடரையும் பாட்டிலையும் நிறுத்தினார்கள். தாய்மாரை உள்ளே வரவழைத்து, குழந்தையைத் துடைப்பது, பால் பீய்ச்சுவது, ஊட்டுவது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தார்கள். பால் பவுடர், பாட்டில் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் இந்தியாவில் 1992இல்தான் வந்தது. சயான் வார்டு அந்தச் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. பிறகு அடுத்த கேள்வி எழுந்தது. தாய்க்குப் பால் இன்னும் ஊறவில்லை, அல்லது அவள் வேறு வார்டில் மயங்கிக் கிடக்கிறாள், அல்லது இறந்தே போனாள் என்றால் அந்தக் குழந்தைக்கு என்ன வழி? 1989 நவம்பரில் அங்கே தாய்ப்பால் வங்கி தொடங்கியது. ஆசியாவிலேயே அதுதான் முதலாவது.

எங்கள் கட்டடத்தில் வேலை செய்யும் அம்மாவின் மருமகளுக்கு எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்தது. அந்தப் பெண் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன். வளையலைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கவைத்த எவர்சில்வர் கிண்ணத்தில் கையாலேயே பீய்ச்ச வேண்டும். முதல் இரண்டு நாள் கிண்ணத்தின் அடி நனைந்ததோடு சரி. பிறகு ஊறத் தொடங்கியது. தன் பிள்ளைக்குக் கரண்டியால் ஊட்டியது போக மிச்சம் இருந்ததை வங்கிக்குக் கொடுத்துவிட்டாள். "யார் புள்ளைக்குப் போச்சோ தெரியலக்கா. ஆனா போச்சுல்ல" என்றாள்.

அப்படிக் கொடுத்த பாலை அப்படியே யாருக்கும் ஊட்டிவிடமாட்டார்கள். கொடுக்கும் தாயின் இரத்தத்தை எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சிஃபிலிஸ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்து, சட்டென்று குளிரவைப்பார்கள். மாதிரி எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று சோதித்த பிறகு, மைனஸ் 20 டிகிரியில் உறையவைப்பார்கள். கிருமி சாகும், பாலில் உள்ள நோய்த் தடுப்புச் சத்தில் பெரும்பகுதி பிழைத்திருக்கும். கணக்குப் பார்த்து அமைத்த சூடு அது.

இதில் எந்த இயந்திரமும் புதிதல்ல. உலகத்தின் முதல் தாய்ப்பால் வங்கி வியன்னாவில் 1909இலேயே தொடங்கிவிட்டது. கிண்ணத்தால் ஊட்டுவதும் நமக்குப் புதிதில்லை. நம் வீட்டுப் பாலாடை இன்று குழந்தை மருத்துவக் கட்டுரைகளில் அதே பெயரோடு இருக்கிறது. சயானில் புதிதாக நடந்தது ஒன்றுதான். ஆபத்து என்று ஒதுக்கிவைத்தவளிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள். படித்த டாக்டரும் பயிற்சி பெற்ற நர்ஸும் "எங்களைவிட இவள் இதை நன்றாகச் செய்வாள்" என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் அருள்நந்தி சிவாசாரியார் கதையைச் சொல்ல வேண்டும். சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்றவர், மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குரு. திருவெண்ணெய்நல்லூரில் சிறுபிள்ளையான மெய்கண்டார் பாடம் சொல்கிறார், தன் மாணவர்களும் அங்கே போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டுக் கோபத்தோடு போகிறார். ஆணவத்தின் உருவம் என்ன என்று பிள்ளையைக் கேட்கிறார். பிள்ளை பேசவில்லை. அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தது. பண்டிதர் அந்த இடத்திலேயே காலில் விழுந்து மாணவரானார். பின்னால் சிவஞான சித்தியாரை எழுதியது அவர்தான்.

இந்தக் கதையை எல்லோரும் மெய்கண்டாரின் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அருள்நந்திதான் பெரியவராகத் தெரிகிறார். ஒரு பார்வையைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவர் தயாராக இருந்தார். அந்தப் பார்வையை அவமதிப்பு என்று எடுத்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கலாம். யார் குறை சொல்லியிருப்பார்கள்? புதியதைக் கண்டுபிடிக்கும் திறமை நம் ஊரில் கொட்டிக் கிடக்கிறது. அந்தப் பார்வையைத் தாங்கும் பண்டிதர்கள்தான் குறைவு.

சயானில் நடந்தது போலவே இன்னோர் இடத்திலும் நடந்தது. 1971இல் வங்கதேசப் போரின்போது பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் சோடாவும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, நோயாளியின் உறவினர்களே மொண்டு ஊட்டட்டும் என்றார். முன்பு நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்த நோயில் இறப்பு நாலுக்கும் கீழே வந்தது. ஆனால் பழக்கமில்லாத கையில் மருத்துவத்தைக் கொடுப்பதா என்று மருத்துவ உலகம் அதை ஏற்கச் சில வருடம் தயங்கியது. அங்கேயும் கதவுக்கு வெளியே நின்றவர்தான் உள்ளே வந்தார்.

இனி, பால் வங்கியைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கடினமாக இருக்கும் கேள்வி. யார் கொடுத்த பால் இது?

சீர்காழிக் குளக்கரையில் சம்பந்தப் பிள்ளையின் வாயோரம் பால் வடிவதைப் பார்த்த தகப்பன் சிவபாத இருதயர், கோலை ஓங்கிக்கொண்டு இதைத்தான் கேட்டார். யாரோ தந்த எச்சில் பாலை உண்டாயா என்ற கோபம் அது. பிள்ளை கோயிலைக் கை நீட்டிக் காட்டியது. பொற்கிண்ணத்தில் ஊட்டியவள் உமை என்று தெரிந்த பிறகுதான் கோல் தாழ்ந்தது. உமை ஊட்டினால் சரி, அடுத்த கட்டில்காரி ஊட்டினால் எச்சிலா? எந்த சாதிக்காரியின் பாலோ என்று கேட்கும் மாமியார்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். உயிர் பிழைக்க வந்த பாலில் தாயைத் தவிர வேறு யாரையும் தேடக் கூடாது.

ஆனால் இதே கேள்வியை ஒரு முஸ்லிம் தாய் கேட்டால் அதற்கு அர்த்தம் வேறு. ஒரு பெண்ணிடம் பால் குடித்த குழந்தைக்கு அவள் தாயாகிறாள், அவள் பிள்ளைகள் உடன்பிறப்பு ஆகிறார்கள். பால்குடி உறவுக்குள் திருமணம் கூடாது என்பது குர்ஆனிலேயே உள்ள சட்டம். எத்தனை முறை குடித்தால் உறவு உண்டாகும் என்பதில் ஷாஃபி, ஹனஃபி என்ற இரண்டு மத்ஹபுகளும் (சட்ட மரபுகளும்) வேறுபடுகின்றன, ஆனால் உறவு உண்டு என்பதில் இரண்டும் ஒன்று. தாராவியில் தோல் பதனிட வந்த தமிழ் முஸ்லிம்களின் பேரப்பிள்ளைகளும் இதே வார்டில்தான் பிறக்கிறார்கள். பல தாய்மாரின் பாலைக் கலந்துவிட்டால், நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு யார் அண்ணன், யார் அக்கா?

1985இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி பால் வங்கிகள் வேண்டாம் என்று முடிவெடுத்தது. அதற்கு முன்பே மார்க்க அறிஞர் யூசுஃப் அல்-கர்ளாவி, மார்பில் வாய் வைத்துக் குடித்தால்தான் அந்த உறவு, கிண்ணத்தில் ஊட்டுவதால் வராது என்று கூறி அனுமதித்திருந்தார். 2024 ஜூனில் கராச்சியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை மார்க்க நிபந்தனைகளோடு வங்கியைத் தொடங்கியது. முன்பு இசைவு தந்த உலமாக்கள் கருத்தைத் திருத்திக்கொண்டதும் சில நாளிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள்.

இதைப் பிற்போக்கு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சாதி பார்ப்பவர் உறவு வேண்டாம் என்பதற்காகக் கேட்கிறார். பால்குடி உறவைக் கேட்பவர், உண்டான உறவு தொலைந்துபோகக் கூடாது என்பதற்காகக் கேட்கிறார். பிந்தைய கேள்வியையும் புதுமைக்குத் தடை என்று ஒதுக்கும் நிறுவனம் தன் கதவை மறுபடியும் சாத்துகிறது. அந்தக் கேள்வி கேட்கும் பதில் என்னமோ எளியது. ஒவ்வொரு பாட்டிலிலும் எண், எண்ணுக்குரிய தாய் பதிவேட்டில், குழந்தையின் கேஸ் பேப்பரில் அதே எண். முடிந்தவரை ஒரு தாயின் பாலை ஒரு குழந்தைக்கு என்று பிரித்து வைப்பது. பெற்றவளைக் கேட்டுச் சம்மதம் வாங்குவது. செலவு கூடும், வேலை கூடும். செய்யத்தான் வேண்டும்.

வள்ளுவர் ஒப்புரவறிதலை மழையில் தொடங்குகிறார். மழை திரும்பக் கேட்காது. "போச்சுல்ல" என்ற அந்தப் பெண்ணும் மழைதான். ஆனால் கொடுத்தவர் மறக்கலாம் என்பதால் வாங்கியவரும் மறக்கலாம் என்று ஆகாது. வாங்கியவர் மறந்தால் என்ன ஆகும் என்பதை நான் தொழிற்சாலையில் நேரில் பார்த்தேன். துளையிடும் பகுதியில் தாராவித் தமிழர் ஒருவர் ஆப்பரேட்டர். வார்ப்பைத் தலைகீழாக மாட்டிவிட்டுத் துளை தவறிப் போவது அங்கே வாடிக்கை. அவர் ஃபிக்ஸ்சரில் சின்னதாக ஒரு பின் வைத்தார். தலைகீழாக வைத்தால் வார்ப்பு உட்காரவே உட்காராது. ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ 1960களில் போகா-யோகே என்று பெயர் கொடுத்து வளர்த்த அதே யோசனை. யோசனைப் படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால் அவர் வாயால்தான் சொன்னார். அறிக்கையில் அது வேறு ஒருவர் பெயரில் மேலே போனது. நான் எழுதிக் கேட்டேன், பதில் வரவில்லை. அவரிடம் சொன்னபோது, "பின்னு வேலை செய்யுதில்ல மேடம், விடுங்க" என்றார். அவருக்கு வருத்தம் இல்லை. அதன் பிறகு அந்தப் பகுதியிலிருந்து ஒரு யோசனைகூட வரவில்லை. சுற்றறிக்கைகள் மட்டும் தொடர்ந்து வந்தன.

சித்தாந்தம் ஒன்றை மிகத் தெளிவாகச் சொல்கிறது: ஆணவம் அழிவதில்லை. முத்தியிலும் அது இருக்கும், அதன் வலிமை அடங்கிக் கிடக்கும். எனக்கு அது ஆறுதலும் எச்சரிக்கையும். சயான் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு வருடமும் புதிய ரெசிடென்ட் டாக்டர்கள் சேர்கிறார்கள். அவர்கள் ஃபெர்னாண்டஸைப் பார்த்ததில்லை. நடு இரவில் வார்டு நிரம்பி வழியும்போது, கையில் கிண்ணத்தோடு தொட்டிலுக்கு நடுவே நிற்கும் பெண் இடைஞ்சலாகத்தான் தெரிவாள். அவளை வெளியே போகச் சொல்லாமல் இருக்க, ஒவ்வொரு வருடமும் ஒவ்வொருவருக்கும் அங்கே யாராவது சொல்லிக்கொடுத்தாக வேண்டியிருக்கிறது.