பழைய சொகுசு காரும் வலியறிதலும்

20 ஆண்டு கடந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் ஒன்று, புதிய சிறிய காரின் விலைக்குள் வரும்போது எழும் கேள்வி பணத்தோடு நிற்பதில்லை. ஆசைக்கு அளவு எது என்பதும் அதில் அடங்கும். காரின் விலைதான் இறங்கியிருக்கிறது, உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லை. 1998இல் வந்த எஸ் கிளாஸான டபிள்யூ220 மாடலைப் பெரும்பாலும் தாங்குவது சுருள்வில் அன்று, காற்றடைத்த ரப்பர் பைகள். ரப்பரில் வெடிப்பு விழுந்தால் காற்று கசியும். இரவு நிமிர்ந்து நின்ற வண்டி காலையில் ஒரு மூலை தாழ்ந்து கிடக்கும். கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடும் கம்ப்ரசரும் பிறகு பழுதாகும்.

ஆசையை அறுக்கச் சொல்லும் திருக்குறளின் அவாவறுத்தல் அதிகாரம் துறவறவியலில் உள்ளது. அதைக் காட்டி இல்லறத்தாரைத் தடுப்பது முறையன்று. நல்ல பொறியியலை விரும்புவதில் குற்றமும் இல்லை. பொருத்தமான அளவுகோல் 48ஆம் அதிகாரமான வலியறிதல். அரசனுக்குச் சொன்னதாயினும், வரவு சிறுத்தாலும் செலவு அதை மீறக் கூடாது என்ற அதன் கணக்கு குடும்பத்துக்கும் அப்படியே பொருந்தும். வாங்கும் வலிமை வேறு, வைத்துக் காக்கும் வலிமை வேறு. இந்தியாவில் 15 ஆண்டு கடந்த சொந்தக் காரின் பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். வாங்கும் விலையளவு தொகையைப் பழுதுபார்ப்புக்கெனத் தனியே ஒதுக்க இயலாதவர் இந்தக் காரை வாங்கக் கூடாது.