வீழ்ச்சியும் வினையும்

காய்ச்சலுக்கென்று மலைநாட்டு ஆஸ்பத்திரியொன்றில் சேர்ந்த மூதாட்டி, நள்ளிரவில் மலசலகூடத்துக்கு எழுந்து போகும் வழியிலே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள் என்றால், அட்டனிலிருந்து நுவரெலியா வரையில் எந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்திலும் முதலில் எழும் சொல் 'தலையெழுத்து' என்பதே. ஆயுள் முழுவதும் செங்குத்துச் சரிவுகளிலே கால் பிசகாமல் கொழுந்து பறித்தவள் சமதரையில் விழுந்தது விதியன்றி வேறென்ன என்று கேட்பவர்களை அறியாதவர்களென்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆயினும் சைவ சித்தாந்தம் அக்கேள்விக்கு வைத்திருக்கும் விடை அவர்கள் எண்ணுவதினும் கண்டிப்பானது.

கன்மம், அதாவது வினை, சடம் என்பது சித்தாந்தத் துணிபு. அறிவற்ற அது தானாகச் சென்று ஒருவரையும் பற்றமாட்டாது. 'வினை தள்ளிவிட்டது' என்போர் வினைக்குக் கையும் காலும் கொடுத்துவிடுகிறார்கள். முதல், துணை, நிமித்தம் என மூவகைக் காரணங்களை நாடச் சொல்லி, குடத்துக்கு மண்ணையும் திகிரியையும் குயவனையும் காட்டிய அம்மரபு, வீழ்ச்சிக்கு மாத்திரம் விசாரணை வேண்டாமென்று விலக்களிக்கவில்லை.

தளர்ந்த தேகத்தை முதற்காரணமாகக் கொண்டால், துணைக்காரணங்களை வைத்திய சாஸ்திரம் நன்றாகவே ஆராய்ந்திருக்கிறது. 1989இல் ஜானிஸ் மோர்ஸ் வெளியிட்ட அளவுகோல் ஆறு விஷயங்களை வினவுகிறது: முன்பு விழுந்ததுண்டா, வேறு வியாதியும் உண்டா, எதையேனும் பிடித்து நடக்கிறாரா, கையில் சேலைன் ஏறுகிறதா, நடை தளர்ந்ததா, தம் பலத்தின் எல்லையை உணர்கிறாரா. கடைசி வினாவில்தான் நம் மூதாட்டி தோற்கிறாள். மலையில் பிசகாத காலே அவளை ஏமாற்றுகிறது. நித்திரை மாத்திரை, சடுதியில் எழுந்தால் தலைசுற்றச் செய்யும் இரத்த அழுத்த மாத்திரை, தோட்டத்துப் பெண்களிடம் மலிந்த இரத்தசோகை, ஈரத்தரை ஆகியவற்றையும் கூட்டிக்கொள்ளலாம். இவற்றை முன்னரே அறியக்கூடியவர்கள் வாளாவிருந்துவிட்டு அவளுடைய பூர்வஜன்மத்தை விசாரிக்கப் புகுவது, தாங்கள் இப்போது ஈட்டும் வினையாகிய ஆகாமியத்தை, முன்வினையின் பயனாக அவள் அனுபவிக்கும் பிராரத்தக் கணக்கிலே எழுதுவதாகும்.

அந்த ஆறில் அடங்காத ஒன்றை மலைநாடு அறியும். இரவுக் கடமையிலிருக்கும் தாதி சிங்களம் மாத்திரமும் கிழவி தமிழ் மாத்திரமும் அறிந்தவர்களாயின், 'ஏன் தொந்தரவு' என்று அவள் தானாகவே எழுந்துவிடுகிறாள். இதை உயிரைப் பிணித்திருக்கும் ஆணவ மலத்தின் கூறு என்று ஒரு சித்தாந்தி வாதிக்கலாம். நான் வாதிக்கமாட்டேன். பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வேளைக்கு, பிந்தினால் பேர் இல்லை என்னும் ஒழுங்கிலே வளர்ந்தவளுக்கு, உதவி கேட்பதே குற்றமாகப் பதிந்திருக்கிறது.

கட்டிலுக்குக் கம்பியடைப்பு வைத்துத் தடுக்கலாமே என்பாருண்டு. அடைப்பைத் தாண்ட முயல்பவர் இன்னும் உயரத்திலிருந்து விழுவார். கட்டிவைப்பதால் வீழ்ச்சி குறையும் என்பதற்கும் தக்க ஆதாரமில்லை. தாழ்ந்த கட்டிலும், உலர்ந்த தரையும், வழியில் அணையாத விளக்கும், படுக்குமுன் ஒருமுறை கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஓர் ஆளும், அவசரத்துக்கு வேண்டிய நாலைந்து தமிழ்ச் சொற்களைக் கற்ற தாதியுமே அவளுக்கு வேண்டியவை.