பாத்திக் விற்று வாங்கிய நிலம்
மறைமலை நகரில் சுயதொழில் என்றால் லேத் பட்டறை, டீக்கடை, வேன் என்றுதான் நினைப்போம். படம் வரைவதும் சுயதொழில்தான். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானது. நிலம் வாங்கக் கைகொடுத்தது பாத்திக் துணி. உருக்கிய மெழுகால் கோடு போட்டு, துணியைச் சாயத்தில் முக்கி எடுப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் மட்டும் சாயம் ஏறாது. அரசின் தயவுக்காக அந்த ஓவியர்கள் காத்திருக்கவில்லை. கைவினைப் பொருளை விற்றார்கள், கூடவே தங்கள் ஓவியத்தையும் வளர்த்தார்கள். இன்று ஓர் ஓவியர் ‘ஆர்டர் எடுக்கிறேன்’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டால், “கலைஞனுக்கு எதற்கு வியாபாரம்?” என்கிறோம். அடுத்த வாரமே, பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு படம் சும்மா வரைந்து தரச் சொல்லிக் கேட்பதும் நாம்தான்.