உடலில் பிறந்ததெல்லாம் உடலுக்கு உறவா?

ரத்தப்புற்றுக்குத் தரும் கார் டி செல் சிகிச்சையில் மருந்துப் பையின்மேல் நோயாளியின் பெயர் இருக்கும். மற்ற மருந்துகளுக்கு மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் போதும். இது இன்னாருக்கு மட்டுமே உரியது. கையில் கட்டிய பட்டையையும் பையில் உள்ள பெயரையும் ஒன்றுக்கு இரண்டு முறை ஒத்துப் பார்த்த பிறகுதான் ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சில வாரங்களுக்கு முன் அவர் உடலிலிருந்து எடுத்ததுதான் திரும்பிப் போகிறது, ஆனால் எடுத்தபடியே அல்ல. அப்படித் திரும்புவது அவருடைய உடலின் பகுதியா, அல்லது அவருக்குள் குடியேறும் அயலா? மருத்துவம் இதற்கு விடை சொல்லாமலே வேலையைத் தொடரலாம். தத்துவத்தால் அப்படிக் கடந்துபோக முடியாது.

நடப்பது இதுதான். ஒரு குழாய் வழியே ரத்தம் எந்திரத்துக்குப் போகிறது. எந்திரம் சுழற்றி வெள்ளணுக்களைப் பிரித்துக்கொண்டு மீதியை மறுகுழாய் வழியே திருப்பி அனுப்புகிறது. சில மணி நேரம் பிடிக்கும். பிரித்தெடுத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்களுக்குள் ஆய்வகத்தில் ஒரு புதிய மரபணுவைப் புகுத்துகிறார்கள். அதைச் சுமந்து செல்வது பெரும்பாலும் நோயுண்டாக்கும் திறன் நீக்கப்பட்ட லென்டிவைரஸ். எய்ட்ஸை உண்டாக்கும் எச்ஐவியிலிருந்து வடித்தெடுத்த ஊர்தி அது. அந்த மரபணு தரும் கட்டளைப்படி டி செல்லின் மேற்பரப்பில் ‘கார்’ எனப்படும் ஒரு செயற்கை ஏற்பி முளைக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி ஆன்டிபாடியின் துண்டு. உள்ளே இருக்கும் பகுதி ‘தாக்கு’ என்று செல்லுக்குச் சைகை தருவது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் செலிக் எஷார் குழுவினர் 1989இல் இத்தகைய கலப்பு ஏற்பியைச் செய்து காட்டினர். 2017 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதித்த முதல் கார் டி மருந்தான கிம்ரியாவில் அந்த வெளித்துண்டு எலியின் ஆன்டிபாடியிலிருந்து வந்தது. ஆக, மனிதச் செல், எலித் துண்டு, வைரஸ் ஊர்தி மூன்றும் கூடிய ஒன்றின்மேல் ஒரு மனிதரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது.

நோயெதிர்ப்பியல் நெடுங்காலம் ஒரு பாகுபாட்டை நம்பி வளர்ந்தது. ஆஸ்திரேலிய அறிவியலாளர் மக்பார்லேன் பர்னெட், பிராங்க் பென்னருடன் 1949இல் எழுதிய நூலில், உடல் ‘தன்’னையும் ‘பிற’வற்றையும் பிரித்தறிகிறது என்ற கருத்தை முன்வைத்தார். தன்னை விட்டுவிடும், பிறவற்றைத் தாக்கும். கிருமிகளுக்கும் உறுப்பு மாற்றத்துக்கும் இது நன்றாகவே பொருந்தியது. புற்றுநோய்தான் இதில் முள்ளாகக் குத்துகிறது. ரத்தப்புற்றின் செல் எங்கிருந்தும் வந்து புகுந்ததல்ல. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, அதே மரபணுத் தொகுதியைச் சில பிழைகளோடு சுமப்பது. பிறப்பை வைத்துப் பார்த்தால் முழுக்க முழுக்கத் ‘தன்’ தான்.

தமிழில் இந்தச் சிக்கலை வேறொரு நோக்கில் முன்பே தொட்டவர் மூதுரை பாடிய ஔவையார். கூடவே பிறந்த நோய் ஆளைக் கொல்வதையும், எங்கோ மலையில் கிடக்கும் மூலிகை வந்து காப்பதையும் காட்டி, உறவுக்குப் பிறப்பு அளவுகோல் ஆகாது என்று அவர் நிறுவுகிறார். கார் டி செல் இந்த உவமையை ஒரு படி மேலே கொண்டுபோகிறது. இங்கே நோயும் கூடப் பிறந்தது, மருந்தும் கூடப் பிறந்தது. மலையிலிருந்து வந்தது நடுவில் சேர்த்த ஒரு துண்டு மட்டுமே.

பிறப்பு அளவுகோல் இல்லையென்றால் எது? உயிருள்ள உடலின் பொருள் மாறிக்கொண்டே இருந்தாலும், ஒரே உயிர்ச்செயலில் பங்கு கொள்ளும்வரை அது ஒரே உடல்தான் என்றார் தத்துவவாதி ஜான் லாக். உண்ட சோறு உடலாகிறது, உதிர்ந்த தோல் குப்பையாகிறது; எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இதைவிட நெருக்கமாகப் பொருந்துவது பௌத்த நூலான மிலிந்த பஞ்ஹாவில் நாகசேனர் சொல்லும் விளக்குதான். முதல் சாமத்தில் எரிந்த சுடரும் கடைச் சாமத்தில் எரியும் சுடரும் ஒன்றல்ல, வேறும் அல்ல. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜூன் குழுவினர் 2010இல் சிகிச்சை தந்த முதல் நோயாளிகளில் இருவரின் ரத்தத்தில், பத்தாண்டுக்கும் மேலான பிறகும் கார் டி செல்கள் இருப்பதை 2022இல் அறிவித்தார்கள். ஏற்றிய அதே செல்கள் அங்கே அமர்ந்திருக்கவில்லை. அவை பிரிந்து, பெருகி, மடிந்து, வழிவழியாக வந்தவையே இருந்தன. வகையும் மாறி, டி செல்களில் சிடி4 எனப்படும் வகையினவே மிகுந்திருந்தன. ஆய்வகத்தில் சேர்த்த மரபணு அந்த உடலின் பரம்பரையில் ஒரு கிளையாகிவிட்டது. அதை இன்னும் அயல் என்று சொல்வது கடினம்.

சைவ சித்தாந்தி இங்கே குறுக்கிடலாம். தனு எனும் உடல், கரணம் எனும் மனம் முதலிய கருவிகள் எல்லாம் மாயையின் காரியம். கெட்ட செல்லும் திருத்திய செல்லும் ஒருபோல உயிருக்குக் கருவியே, இரண்டும் ‘நான்’ அல்ல. இது உறுதியான நிலை. ஆனாலும் இது ‘நான் யார்’ என்பதற்கான விடை. நோயாளி கேட்பது ‘எனது எது’ என்று. அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

செயலை வைத்து உறவை அளப்பதிலும் ஓர் இடறல் உண்டு. செயல் என்றால் அறிந்து செய்வது என்று மனம் தானாக எண்ணிக்கொள்கிறது. கார் டி செல் பகைவனை ‘அடையாளம் காண்கிறது’ என்று பாடநூல்களே எழுதுகின்றன. அது காண்பது பகையை அல்ல, ஒரு புரதத்தை; கிம்ரியா போன்றவற்றில் அது சிடி19. அந்தப் புரதம் ஆன்டிபாடி உண்டாக வழிசெய்யும் நல்ல பி செல்களிலும் இருப்பதால் அவையும் அழிகின்றன. அதனால் ஆன்டிபாடி குறைந்து, பலருக்கு இம்யூனோகுளோபுலினை வெளியிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கிறது. 2012இல் பிலடெல்பியாவில் ரத்தப்புற்று முற்றிய ஒரு சிறுமிக்கு இந்தச் செல்களை ஏற்றியபோது காய்ச்சல் எல்லை மீறி, உயிர் ஊசலாடியது. மூட்டுவாத மருந்தான டோசிலிசுமாப் தந்த பிறகே மீண்டாள். அவளைக் காத்ததும் கொல்லப் பார்த்ததும் அதே செல்கள்.

2018இல் வெளியான ஒரு நோயாளியின் வரலாறு இதைவிட ஆழமாகத் தைக்கிறது. ஆய்வகத்தில் தயாரிக்கும்போது, டி செல்களுக்கு நடுவே தப்பியிருந்த ஒரே ஒரு புற்றுச் செல்லுக்குள்ளும் அந்த மரபணு புகுந்துவிட்டது. அதன் மேற்பரப்பில் முளைத்த ஏற்பி, பக்கத்திலேயே இருந்த சிடி19ஐப் பற்றி மூடிக்கொண்டது. காவலர் தேடிவந்த அடையாளம் மறைந்தது. சுமார் ஒன்பது மாதத்தில், அந்த ஒரு செல்லின் வாரிசுகளாகவே நோய் திரும்பியது. ஒரே மரபணு ஓரிடத்தில் மருந்து, இன்னோரிடத்தில் நோயின் கவசம். நன்மை அந்தத் துண்டிலும் இல்லை, செல்லிலும் இல்லை. உடல் முழுவதோடும் அவை கொள்ளும் உறவில் இருக்கிறது. உறவு என்பதால்தான் அது கெடவும் முடிகிறது.

சமயத்தாருள் இந்தக் கேள்வியை மிகக் கூர்மையாக எதிர்கொண்டோர் யெகோவாவின் சாட்சிகள். உடலை விட்டு வெளியேறிய ரத்தம் தன்னுடையதே ஆனாலும், சேமித்து வைத்துத் திரும்ப ஏற்றலாகாது என்பது நெடுங்காலம் அவர்கள் கொள்கையாக இருந்தது. உடலோடு தொடர்பு அறாமல் எந்திரத்தில் சுற்றி வருவதை மட்டும் அவரவர் மனசாட்சிக்கு விட்டிருந்தார்கள். எல்லைக்கோடு பொருளில் அல்ல, தொடர்பில் இருக்கிறது என்ற நுட்பம் மதிக்கத்தக்கது. உயிரையே விலையாகக் கேட்கும்போது அது தாங்க முடியாததாகிறது. கத்தோலிக்கத் திருச்சபை வேறிடத்தில் கோடு கிழித்தது. நோய் தீர்ப்பதற்காக உடற்செல்களின் மரபணுவை மாற்றுவது கொள்கையளவில் தகும் என்றும், சந்ததிக்குக் கடக்கும் மாற்றம் இன்றைய நிலையில் தகாது என்றும் அது 2008இல் வெளியிட்ட ‘டிக்னிதாஸ் பெர்சோனே’ என்ற ஆவணம் சொல்கிறது.

சட்டத்துக்கு வந்தால் ‘எனது’ இன்னும் மெலிகிறது. ஜான் மூர் என்பவரின் மண்ணீரலிலிருந்து மருத்துவர்கள் செல்வழி ஒன்றை உருவாக்கிக் காப்புரிமை பெற்ற வழக்கில், எடுத்துவிட்ட செல்கள் அவருடைய சொத்தல்ல என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. கிம்ரியாவின் தொடக்க விலை 4,75,000 டாலர். மூலப்பொருள் தந்தவரே அதை வாங்குபவர். ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கி 2023இல் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 இதன் சிறு பங்கு விலையில் கிடைக்கிறது. அப்போதும் சாதாரணக் குடும்பத்துக்கு அது எட்டாத தொகைதான். தன் செல்லைத் தானே மீட்க வீட்டை விற்க வேண்டியிருப்பது நியாயமல்ல.

கார் டி செல் பெற்றவர்களைப் பதினைந்து ஆண்டுகள் கண்காணிக்கச் சொல்கிறது அமெரிக்க மருந்து ஆணையம். சிலருக்கு டி செல்களிலேயே புதிய புற்று தோன்றியதை ஆராய்ந்து, 2024இல் இம்மருந்துகளின் குறிப்பேட்டில் எச்சரிக்கையும் சேர்க்கச் செய்தது. மிக அரிதாகவே நேர்வது. அவற்றுள் சிலவற்றில், ஆய்வகத்தில் சேர்த்த அந்த மரபணுவே புற்றுச் செல்லுக்குள் இருந்தது.