ஒற்றைக் காலடித் தடம்

சீடன்: ஐயா, டேனியல் டிஃபோ எழுதிய ‘ராபின்சன் குரூசோ’வைப் படித்து முடித்தேன். தீவில் தனியாகக் கரை ஒதுங்கியவனைக் கடவுள் நம்பிக்கைதான் காப்பாற்றியது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படிப் படவில்லை. பயம் வந்தால் கும்பிடுகிறான், பயம் விட்டால் மறந்துவிடுகிறான். இதைப் போய் நம்பிக்கை என்பதா?

குரு: எதை வைத்துச் சொல்கிறாய்?

சீடன்: நிலநடுக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குகையின் மேல்மண் சரிகிறது. ஆண்டவனே இரங்கு என்று பதறுகிறான். நடுக்கம் நின்றதும் அந்த வேண்டுதலும் நின்றுபோனதாக அவனே எழுதிவைத்திருக்கிறான். பார்லி முளைத்த கதையும் அப்படித்தான். எலி தின்றது போக மிஞ்சிய கோழித் தீவனத்தை வெறும் உமி என்று நினைத்துப் பாறை ஓரம் உதறுகிறான். மழைக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு கதிர் தலைகாட்டுகிறது. தனக்காகவே கடவுள் செய்த அற்புதம் என்று கண்ணீர் விடுகிறான். பையை உதறியது நினைவுக்கு வந்ததும் நன்றியும் வடிந்துவிடுகிறது.

குரு: அந்தக் கதிர்களை என்ன செய்தான்?

சீடன்: பத்திரமாகச் சேர்த்து வைத்தான்.

குரு: அதைக் கவனி. நன்றி வடிந்தது, கை ஓயவில்லை. ஒரு மணியைக்கூட வாயில் போடாமல் விதைக்கு வைத்தான். பருவம் தெரியாமல் விதைத்து முதல் விதைப்பு வீணாகியும் விடவில்லை. நான்காம் ஆண்டில்தான் அந்தத் தானியத்தில் ஒரு வாய் தின்றான். பிழைக்க வேண்டும் என்ற வேகம் நம்பிக்கைக்காகக் காத்திருப்பதில்லை. அது உடம்போடு பிறந்தது. கரையேறிய மறுநாளே உடைந்த கப்பலுக்கு நீந்திப் போய் ரொட்டியும் தச்சுப் பெட்டியும் துப்பாக்கியும் இறக்கினானே, அதற்கு வேதமா தேவைப்பட்டது?

சீடன்: அப்படியானால் நம்பிக்கைக்கு அந்தத் தீவில் என்ன வேலை?

குரு: அவசரப்படாதே. 1660 ஜூன் மாதக் காய்ச்சலை நினைத்துப் பார். கரையேறி ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. பிரேசிலில் எந்த நோய்க்கும் புகையிலைதான் மருந்து என்று பார்த்தது ஞாபகம் வந்து, கப்பலிலிருந்து கொண்டுவந்த பெட்டி ஒன்றைத் திறக்கிறான். புகையிலையோடு பைபிளும் அதில் இருக்கிறது. புகையிலையை ரம்மில் ஊறவைக்கிறான், பைபிளைப் பிரிக்கிறான். மருந்தையும் வேதத்தையும் ஒரே பெட்டியில் வைத்த டிஃபோவின் கைத்திறத்தை எத்தனை முறை படித்தாலும் வியக்கிறேன். அன்றிரவுதான் வாழ்நாளில் முதல்முறையாக முழங்காலிட்டு ஜெபிக்கிறான். அதன் பிறகு தினமும் வேதம் வாசிப்பதும், கரையேறிய செப்டம்பர் 30-ஐ நோன்பு நாளாகக் கொள்வதும் வழக்கமாகிறது. அந்த ஆண்டுகளில் அவனுக்குக் கிடைத்த அமைதி பொய்யில்லை.

சீடன்: பொய்யில்லை என்றால், பதினைந்தாம் ஆண்டில் ஒரு காலடித் தடத்தைப் பார்த்ததும் அது எங்கே போயிற்று?

குரு: நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அந்தக் காட்சியை நிதானமாகச் சொல்.

சீடன்: நண்பகல். படகு நிற்கும் இடத்துக்குப் போகிறான். மணலில் வெறுங்கால் ஒன்றின் தடம். விரல்களும் குதிகாலும் தெளிவாகத் தெரிகின்றன. மேட்டில் ஏறிப் பார்க்கிறான், கரையில் மேலும் கீழும் நடக்கிறான். இன்னொரு தடம் இல்லை, ஆளரவமும் இல்லை. யாரோ துரத்துவதுபோல ஓடுகிறான். ஒவ்வொரு புதரும் ஆளாகத் தெரிகிறது. தன் கோட்டைக்குள் ஏணி வழியாகப் போனானா, பாறைத் துளை வழியாகப் போனானா என்பதுகூட அவனுக்கு நினைவில்லை. சைத்தானின் கால்தானோ என்று குழம்புகிறான். வேலியைப் பிடுங்கிவிடலாம், ஆடுகளைக் காட்டுக்கு விரட்டிவிடலாம், பயிரைக் கொத்திப் போட்டுவிடலாம் என்றெல்லாம் பின்னால் யோசிக்கிறான். பதினைந்து ஆண்டுகளாக ஒரு மனித முகத்துக்கு ஏங்கியவன், ஐயா! மனிதக் கால் பட்ட மண்ணைப் பார்த்து நடுங்குகிறான். கடவுள்மேல் வைத்திருந்த நம்பிக்கையை அச்சம் விரட்டிவிட்டது என்று அவனே ஒப்புக்கொள்கிறான்.

குரு: இது நாவலாசிரியரின் மிகை என்று நினைத்துவிடாதே. அலெக்சாண்டர் செல்கிர்க் என்ற ஸ்காட்லாந்து மாலுமி 1704 முதல் 1709 வரை பசிபிக் கடலில் ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவுகளில் ஒன்றில் நான்கு ஆண்டு நான்கு மாதம் தனியாக இருந்தான். இடையில் ஸ்பானியர் வந்து இறங்கியபோது, உதவி கேட்கவில்லை. காட்டுக்குள் ஓடி மரத்தில் ஏறி ஒளிந்தான். பிடித்தால் கொன்றுவிடுவார்கள், அல்லது சுரங்கத்தில் அடிமையாக்குவார்கள் என்ற பயம். அவனை மீட்ட கப்பல் தலைவர் வூட்ஸ் ரோஜர்ஸ் 1712-இல் வெளியிட்ட நூலில் இது இருக்கிறது. ‘குரூசோ’ வந்தது 1719-இல். தனிமையில் கிடந்தவனுக்குப் பசியைவிட, புயலைவிட, மனிதன்மேல் பயம். நெஞ்சைப் பிசையும் உண்மை இது.

சீடன்: என் கேள்வி அப்படியே நிற்கிறது. நம்பிக்கை தோற்றதா, இல்லையா?

குரு: அன்று தோற்றது. மூன்று நாள் வெளியே வராமல் கிடந்தான். உள்ளே பார்லி ரொட்டியும் தண்ணீரும்தான். அவனை வெளியே வரவழைத்தது எது, சொல்.

சீடன்: ஆடுகள். பால் கறக்காமல் மடி கனத்து அவை வேதனைப்படுமே என்ற நினைப்பு.

குரு: ஆமாம். வேதவசனமும் அவனுக்கு ஆறுதல் தந்தது, நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஏணியில் காலை வைத்தது ஆடுகளுக்காக. கூடையைப் போட்டுவிட்டு ஓடத் தயாராக, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். இரண்டு மூன்று நாள் போய்ப் பால் கறந்தபின் கொஞ்சம் தைரியம் வந்தது. ஒருவேளை தன் காலாகவே இருக்குமோ என்று தடத்தின்மேல் தன் காலை வைத்து அளந்தான். தன் கால் மிகச் சிறிதாக இருந்தது. பழையபடி நடுக்கம். இன்னொன்றும் அவன் சொல்கிறான், கவனித்தாயா? அச்சத்தில் இருப்பவன் சரியாக ஜெபிக்க முடியாது, நோய்ப்படுக்கையில் கிடப்பவன் சரியாக மனந்திரும்ப முடியாததைப்போல என்கிறான்.

சீடன்: அவன் மனந்திரும்பியதே நோய்ப்படுக்கையில்தானே!

குரு: அதேதான். தன் நம்பிக்கையின் அஸ்திவாரத்தைத் தானே சந்தேகிக்கிறான். அச்சத்தில் பிறந்த நம்பிக்கை அடுத்த அச்சத்தில் ஆட்டம் காணும். அதனால் அச்சம் போயிற்றா என்று பார்த்து அவனை அளக்காதே. அது கடைசிவரை போகவில்லை. புகை தெரியக் கூடாதென்று விறகைக் கரியாக்கி எரித்தான். கோட்டைக்கு முன்னால் காடாக மரம் வளர்த்தான். அப்புறம் நரமாமிசம் தின்பவர்கள் விட்டுப்போன மண்டையோடுகளையும் எலும்புகளையும் பார்த்தான். அவர்கள் நெருப்பு மூட்டும் இடத்துக்கு அடியில் வெடிமருந்து புதைத்துக் கூண்டோடு கொல்லத் திட்டம் போட்டான். தினமும் குன்றேறிக் காத்திருந்தான்.

சீடன்: பிறகு விட்டுவிட்டான்.

குரு: ஏன் விட்டான்? தனக்கு ஒரு தீங்கும் செய்யாதவர்களுக்கு நீதிபதியாகவும் கொலையாளியாகவும் இருக்கத் தனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். அமெரிக்காவில் ஸ்பானியர் செய்த படுகொலைகளை நினைத்துப் பார்த்தான். பயம் குறையாமலேயே, துப்பாக்கி கையில் இருக்கும்போதே, கையை மடக்கிக்கொண்டான். கொல்லாமல் இருப்பதே தனக்குப் பாதுகாப்பு என்ற கணக்கும் அதில் கலந்திருந்தது. ஆனால் அந்தக் கேள்வி எழுந்தது நம்பிக்கையிலிருந்துதான். அவன் நம்பிக்கை பயன்பட்ட இடம் என்று நான் காட்டுவது இதைத்தான்.

சீடன்: பின்னால் தீவில் தனக்குத் துணையாக வந்துசேர்ந்த ஃப்ரைடே என்பவனின் தந்தையையும் ஒரு ஸ்பானியரையும் மீட்கும்போது பலரைச் சுட்டுக் கொல்கிறானே?

குரு: கொல்கிறான். அன்றும் முதலில் அதே கேள்வியைக் கேட்டுத் தயங்கிவிட்டுத்தான் போகிறான். எல்லா நாளும் ஜெயித்தான் என்று நான் சொல்லவில்லை.

சீடன்: ஐயா, எனக்கு இன்னொன்று உறுத்துகிறது. பயம் வந்தபோது கையை மடக்கியவன், லாபம் வந்தபோது மடக்கவில்லையே. சாலே துறைமுகத்தில் தானே இரண்டு ஆண்டு அடிமையாகக் கிடந்தவன். கூடத் தப்பிவந்த சூரி என்ற பையனை ஒரு போர்த்துகீசியக் கப்பல் தலைவரிடம் அறுபது வெள்ளி நாணயத்துக்கு விற்கிறான். பத்து ஆண்டில் கிறிஸ்தவனானால் விடுதலை என்று ஒரு நிபந்தனை, அவ்வளவுதான். கப்பல் உடைந்த அந்தப் பயணமே கினியாவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரப் புறப்பட்டது. இருபத்தெட்டு ஆண்டு வேதம் படித்தவனுக்கு இது பாவமாகத் தோன்றவில்லையா?

குரு: தோன்றவில்லை. இதற்கு நான் சமாதானம் சொல்லமாட்டேன். கடலுக்குப் போகாதே என்ற தந்தை சொல்லை மீறியது அவன் கணக்கில் பெரும்பாவம், மனிதர்களை விலைபேசியது பாவமே இல்லை. நம்பிக்கை அவன் அச்சத்தைத் தட்டிக்கேட்டது, பேராசையைத் தட்டிக்கேட்கவில்லை. அந்தக் கினியாப் பயணத்தை நினைத்து அவன் வருந்தும் இடம் ஒன்று உண்டு. திரும்பப் படித்துப் பார். பொறுமையாகப் பிரேசிலில் தன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால் அடிமைகளை வீட்டு வாசலிலேயே வாங்கியிருக்கலாம், கொஞ்சம் விலை கூடினாலும் இத்தனை ஆபத்து இருந்திருக்காது என்றுதான் வருந்துகிறான்.